விழுதின் தலையும் ஒரு கறுப்புக் குடையும்

“…ஒரு பொட்டு வெள்ளை விழுந்தாலும் விழுந்ததுதான். அப்பறம் அத்தே, சித்தின்டு காலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது, ஆமா!” என்று சொல்லி, பேச்சியக்கா தன் கறுப்புக் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்தார்.

குடைக்கு மேலே ஒரு தலை குனிந்திருந்தது. பக்கத்தில் ஜீப்பின் பானெட் மேல் ஒரு தையல் கத்தரி. சுற்றிலும் ஏலத்தோட்டத்துப் பெண்கள், தேர்தல் முடிவுக்குக் காத்திருப்பவர்களைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

குடை அப்படியே இருக்கட்டும். முதலில் அந்தத் தலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணிக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்பட்ட சங்கதி எது என்று கேட்டால், விழுதின் தலைதான் என்று எங்கே வேண்டுமானாலும் வந்து சத்தியம் பண்ணுவேன். தண்ணியைப் பற்றிய பேச்சாவது மழை பெய்தால் கொஞ்சம் ஓயும். மழை பெய்தால் விழுதின் தலையைப் பற்றிய பேச்சு இன்னும் கூடும். காரணம் பின்னால் வருகிறது.

விழுது ஜீப் டிரைவர். விடியக்காலம் கம்பத்தில் பெண்களை ஏற்றி, கம்பமெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருகிற வண்டி. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில்கூட இருக்கலாம். யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. தலையிலிருந்து ஆலமரத்து விழுதுபோலத் தடித்தடியாகச் சடை தொங்கும், அதனால் விழுது. எனக்குத் தம்பி வயது என்பதால் அவன் இவன் என்றே எழுதுகிறேன்; நேரில் கண்டால் அப்படித்தான் கூப்பிடுவேன்.

நான் அதே மலையில் ஒரு தோட்டத்து ஸ்டோரில் வேலை பார்ப்பவன். ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்த பச்சை ஏலக்காயைச் சூட்டில் உலர்த்தி எடுக்கிற கட்டடம். விழுதின் வண்டியில் முன்சீட் எனக்கு. பின்னால் பெண்கள் பேசுவதைக் கேட்பதற்கென்றே கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு போய்ப் போய், என் கழுத்து இப்போது நேரே நிற்க மறுக்கிறது. 

ஊரடங்கு நாளில் சலூன்களெல்லாம் சாத்திக் கிடந்தபோது எல்லோருக்கும் முடி வளர்ந்தது. திறந்த அன்றைக்கு எல்லோரும் ஓடிப்போய் வெட்டிக்கொண்டோம். விழுது மட்டும் போகவில்லை. அவனுக்குச் சுருட்டை முடி. போனில் யாரோ ஒரு வெளிநாட்டுப் பாட்டுக்காரன் சடைசடையாகத் தொங்கவிட்டுக்கொண்டு ஆடுவதைப் பார்த்திருக்கிறான். தையல் சாமான் கடைக்குப் போய் லேஸ் பின்னுகிற கொக்கி ஊசி ஒன்று வாங்கினான். ஸ்டாண்டில் ஆள் சேரும் வரைக்கும் ஸ்டியரிங்கில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, அந்த ஊசியால் தன் தலையைத் தானே பின்னிக்கொண்டிருப்பான்.

“ஏலே, தலைய முடிச்சிட்டு என் பாவாடைக்கும் ஒரு வரிசை லேஸ் போட்டுக் குடு,” என்பார் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கும் மைமூனக்கா. கம்பத்து மைமூனக்கா வாயிலிருந்து ஒரு வார்த்தையும் சும்மா வராது. யாரையாவது கடித்துவிட்டுத்தான் வரும்.

“எதுக்குடா தம்பி இது?” என்று நானே ஒருநாள் கேட்டேன்.

அவன் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி ஒருதரம் பார்த்துக்கொண்டான். “இத்தனை வருசமா கண்ணாடியப் பாத்தா யாரோ ஒரு டிரைவர் உக்காந்திருப்பான்ணே. இப்பப் பாத்தா நான் உக்காந்திருக்கேன்.”

நான் முன்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். 

சடை தோளைத் தொட்ட சமயத்தில் பொடுகு வந்தது. சாதாரணப் பொடுகு என்று நினைத்துவிடாதீர்கள். விழுது ஒருதரம் தலையை ஆட்டினால் முன்சீட்டில் எதிரே வரும் லாரி தெரியாது. “மூணாறுக்குப் பனி பாக்கப் போறவுகள எல்லாம் இங்கன கூப்புடுங்கடி,” என்றார் மைமூனக்கா. என்னிடமிருந்த நீலம், கறுப்புச் சட்டைகளையெல்லாம் மச்சானுக்குக் கொடுத்துவிட்டு நான் வெள்ளைச் சட்டைக்கு மாறினேன். ஏதோ கட்சியில் சேர்ந்துவிட்டேன் என்று எங்கள் தெருவில் பேச்சாகி, இரண்டு பேர் முதியோர் பென்ஷனுக்குச் சிபாரிசு கேட்டு வந்தார்கள்.

பொடுகையாவது தட்டிவிடலாம். அரிப்பை என்ன செய்வது? விழுதுக்கு நேர்ரோட்டில் அரிக்காது. கொண்டை ஊசி வளைவு வந்தால் அரிக்கும். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை சடைக்குள். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம்.

“ஏலே, ஸ்டியரிங்கப் பிடி! தலை எங்கனயும் ஓடிப்போகாது!” என்று பின்னாலிருந்து பேச்சியக்கா கத்துவார்.

பேச்சியக்கா யார் என்று சொல்லவேண்டும். பறிப்புக்குப் போகிற பெண்களில் அவர்தான் மூத்தவர். அவர் எந்த வண்டியில் கால் வைக்கிறாரோ அந்த வண்டியில்தான் மற்ற அத்தனை பேரும் ஏறுவார்கள். அவர் இறங்கிவிட்டால் வண்டி காலி. விழுதின் பிழைப்பு பெட்ரோல் பங்க்கில் இல்லை, பேச்சியக்காவின் வலது காலில் இருந்தது.

அவரே முதல் வைத்தியத்தைத் தொடங்கினார். “எண்ணெயக் காணாத தலை. காஞ்சு பொருக்குத் தட்டிக் கிடக்கு,” என்று வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயைத் தூக்குவாளியில் கொண்டுவந்து, ஓடுகிற வண்டியிலேயே ஊற்றினார். சாதாரணத் தலை என்றால் எண்ணெய் இறங்கி வழிந்துவிடும். சடை விளக்குத் திரி மாதிரி குடித்துவைத்துக்கொண்டது. கம்பத்திலிருந்து கம்பமெட்டுக்குப் போவதற்குள் மலைப்பாதைத் தூசியில் பாதி அவன் தலையில் ஒட்டியிருந்தது.

எண்ணெயை எடுக்கச் சீயக்காய் வந்தது. அரைத்த சீயக்காயைச் சடைக்குள் அப்பினார்கள். உள்ளே போன பொடி உள்ளேயே தங்கிவிட்டது. அடுத்து மைமூனக்கா எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்து, சொறிந்து புண்ணாகிக் கிடந்த மண்டையில் தேய்த்தார். அன்றைக்கு விழுது போட்ட சத்தம் போடிமெட்டு வரைக்கும் கேட்டதாக அந்தப் பக்கத்து ஆட்களே என்னிடம் சொன்னார்கள். புண்ணுக்குக் குளிர்ச்சி என்று ஊறவைத்த வெந்தயத்தைத் தயிரோடு சேர்த்து, அவசரத்தில் அரைகுறையாக அரைத்துப் பூசினார்கள். மலையில் அந்த வாரம் முழுக்கச் சாரல். மூன்றாம் நாள் அவன் காதுக்குப் பின்னால் பச்சையாக ஒன்று எட்டிப் பார்த்தது.

“முளைச்சிருச்சுடி!” என்று கூவினார் மைமூனக்கா. “இன்னும் ரெண்டு நாள் விட்டா ஒரு கட்டுக் கீரை தேறும்!”

செக்போஸ்ட்டில் புதிதாக வந்திருந்த ஒரு மலையாளத்து அதிகாரிக்கு இந்தத் தலையைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, ஒரு சடையைப் பிடித்துத் தட்டினார். பழுப்பாகப் பொடி கொட்டியது. அவர் முகம் மாறிவிட்டது.

“இது எந்து பொடியா?”

“சீயக்காய் சார்.”

“சத்யம் பற.”

“சத்தியமா சீயக்காய் சார். மோந்து பாருங்க.”

மோந்து பார்த்தார். அதன் பிறகு தும்மத் தொடங்கியவர் நிறுத்தவேயில்லை. தும்மலுக்கு நடுவே “பொய்க்கோ, பொய்க்கோ” என்று போகச் சொல்லிக் கையை மட்டும் ஆட்டினார். அதற்குப் பிறகு எங்கள் வண்டியை அந்த செக்போஸ்ட்டில் யாரும் நிறுத்தியதில்லை.

இதெல்லாம் சிரிப்பு. கம்பமெட்டில் டீ குடிக்க நிறுத்தியபோது நடந்தது வேறு. எங்கிருந்தோ வந்த ஒரு வாழைக்காய் வியாபாரி, மனதில் என்ன பாரமோ, விழுதின் சடையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டிபோட்டுக் கையேந்தினார். விழுது பதறிப்போய்க் குனிந்து அவரைத் தூக்கப் போனான். குனிந்ததுதான் தப்பு. விரித்த அவர் உள்ளங்கையில் வெள்ளையாக உதிர்ந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு நெற்றி நிறையப் பூசிக்கொண்டார்.

“ஐயா, ஐயா, துடைங்க! அது துன்னூறு இல்ல, பொடுகு!”

“சாமி என்னையச் சோதிக்கிறாக,” என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

“சோதிக்கலைங்க, நெசமாவே பொடுகுங்க. நான் ஜீப் ஓட்டுறவன்!”

“பெரியவுக யாரும் தன்னைய ஒத்துக்கிட மாட்டாக சாமி.”

விழுது வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து, தன் துண்டை நனைத்து, அந்த மனிதரின் நெற்றியைப் பிள்ளைக்குத் துடைப்பதுபோலத் துடைத்துவிட்டான். பிறகு பக்கத்தில் உட்காரவைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து, என்ன கஷ்டம் என்று கேட்டான். டீ தீரும் வரைக்கும் அவர் பேசினார். போகும்போது அவர் முகம் வரும்போது இருந்ததைவிடத் தெளிவாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் அது நடந்தது. நல்ல மூடுபனி. ஒரு வளைவில் விழுதின் இடது கை தலைக்குப் போனது. நகம் புண்ணில் பட்டிருக்க வேண்டும், ‘ஸ்’ என்று கண்ணை மூடினான். ஒரு பக்கச் சக்கரம் ரோட்டை விட்டு இறங்கி, ஓரத்துக் கல்லில் இடித்து வண்டி நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் பனிதான் இருந்தது. யாருக்கும் அடி இல்லை. தூக்குவாளிச் சோறு மட்டும் வண்டி முழுக்க இறைந்து கிடந்தது.

பேச்சியக்கா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இறங்கி, சேலையில் ஒட்டிய பருக்கைகளைத் தட்டிவிட்டு, விழுதின் பக்கம் வந்து நின்றார்.

“எங்க ஒவ்வொருத்தி வீட்டுலயும் பிள்ளைக இருக்குதுகடா. தீபாவளிக்குள்ள இந்தத் தலைக்கு ஒரு வழி பண்ணு. இல்லையா, நாங்க சொட்டை ராசு வண்டிக்குப் போறோம். அவன் தலையில சொறிய ஒண்ணும் கிடையாது.”

விழுது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடியே இருந்தான். “நியாயந்தான்த்தே. உங்க உசுர விட என் தலை பெருசில்ல. தீபாவளிக்கு முந்தி கடைசி வேலை நாள்ல நீங்களே பாருங்க. ஒரு பொடுகு விழுந்தாலும் நீங்களே வெட்டிருங்க. கத்தரிய நானே கொண்டாரேன்.”

அவன் இப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டது பேச்சியக்காவுக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. சாயங்காலம் திரும்பி இறங்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வழி சொன்னார்: “ஏலே, சாமிக்கு நேந்து விட்ட முடிண்டு ஒரு வார்த்தை சொல்லிரு. சாமி முடிய வெட்டச் சொல்ற தைரியம் இதுல எவளுக்கும் கிடையாது. கெடுவும் கிடையாது, கத்தரியும் கிடையாது.”

“சாமி எங்கிட்ட ஒண்ணும் கேக்கலத்தே,” என்றான் விழுது. “எனக்குப் பிடிச்சிருக்கு, வளக்குறேன். அம்புட்டுத்தான்.”

நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். தனக்குப் பிடித்ததைச் செய்துவிட்டுக் குடும்பத்துக்காக என்பார்கள், ஊருக்காக என்பார்கள், சாமிக்காக என்பார்கள். ஒரு பொய் சொன்னால் தலை தப்பும் என்கிற இடத்தில் நின்றுகொண்டு, எனக்குப் பிடிச்சிருக்கு என்று மட்டும் சொன்ன ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் விழுது என் ஸ்டோருக்குள் குளிர்காய வந்தான். நான் அப்போது புது வேலையாளைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். முழுசாக உலராத காயை அவர் மூட்டை கட்டிவிட்டார்.

“அண்ணே, ஈரத்தோட கட்டினா என்னாகும்?” என்று கேட்டான் விழுது.

“பூத்துப்போகும். வெள்ளை வெள்ளையாப் படியும். பக்கத்துல நிக்க முடியாத நாத்தம் வரும்.”

விழுது தலையிலிருந்த மங்கி குல்லாவைக் கழற்றினான். உள்ளேயிருந்து ஆவி வந்தது.

அவன் தினமும் விடிவதற்கு முன்னால் தலை முழுகிவிட்டு, ஈரம் காயாத சடையை அப்படியே கம்பளிக் குல்லாவுக்குள் திணித்துக்கொண்டு வண்டி எடுக்கிறவன். மலைக்குளிருக்கு அது இல்லாமல் முடியாது. மழை நாளில் சாரலும் சேர்ந்துகொள்ளும். சொறியவும் வைத்தியம் பார்க்கவும் கழற்றினால்கூட உடனே திரும்ப மாட்டிக்கொள்வான்.

“அண்ணே,” என்றான் மெதுவாக, “நான் தெனமும் மூட்டை கட்டியிருக்கேன்ணே.”

மறுநாள் தேனிக்குப் போய் ஒரு தோல் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தான். “வெட்டச் சொன்னாகளா?” என்று மைமூனக்கா ஆவலாகக் கேட்டார். “இல்லக்கா. முடி உங்க இஷ்டம், தோலு என் பொறுப்புண்டு சொன்னாக. எண்ணெய், பொடி, தயிர் எதுவும் ஆகாதாம். தண்ணி விட்டு நல்லா அலசணுமாம், அப்பறம் முழுசாக் காயணுமாம்.” பேச்சியக்கா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு விழுது செய்ததுதான் எனக்குப் பிடித்தது. ரோஜாச் செடிக்குத் தண்ணீர் அடிக்கிற சின்னத் தெளிப்பான் புதிதாக ஒன்று வாங்கினான். டாக்டரம்மா எழுதிக்கொடுத்த பொடுகு ஷாம்புவை அதில் ஊற்றித் தண்ணீர் கலந்து, சடை சடையாக விலக்கி, தோலில் மட்டும் படுகிறமாதிரி அடித்தான். நகம் படாமல் விரல் நுனியால் தேய்த்துக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, தோட்டத்துத் தண்ணித் தொட்டிக் குழாயின் கீழே தலையைக் கொடுத்தான். முதல்நாள் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. பிறகு எண்ணெய்ப் பிசுக்கு. பிறகு சீயக்காய் கட்டி கட்டியாக. அதற்கடியில் ஒரு வேப்பிலை. அதற்கும் அடியில் இரண்டு வெந்தயம்.

“கீழடியில தோண்டினப்பக்கூட இம்புட்டு அடுக்கு இல்லடி!” என்றார் மைமூனக்கா.

தண்ணீர் தெளிந்து வருகிற வரைக்கும் அலசுவான். பிழிந்துவிட்டு நேராக என் ஸ்டோருக்கு வருவான். சூட்டுக்காற்று வருகிற கதவோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சடையாகத் தொட்டுப் பார்ப்பான், நான் காயைத் தொட்டுப் பார்ப்பதுபோல. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஈரம் பார்த்துக்கொண்டிருப்போம். மங்கி குல்லாவைக் கியர் கம்பிக்கு மாட்டிவிட்டான். சாயங்காலம் வண்டி இறங்கும்போது பாதை முழுக்க ஏலக்காய் வாசம்.

மெல்ல மெல்ல அரிப்பு குறைந்தது. ஒருநாள் வளைவு வந்தது. பழக்கதோஷத்தில் பெண்களெல்லாம் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். விழுதின் இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. வளைவு போய்விட்டது.

“என்னலே, இன்னைக்குச் சொறியலையா?” என்றார் பேச்சியக்கா.

“மறந்துட்டேன்த்தே.”

ஆனால் பொடுகு ஒரேயடியாகப் போய்விடுகிற சாமான் இல்லை. என் வெள்ளைச் சட்டையில் இல்லாவிட்டாலும் அவன் கறுப்புச் சீட்டில் அங்கொன்றும் இங்கொன்றும் தெரிந்தது. இன்னும் ஒரு மாதம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும். ஒரு மாதம் இல்லை. கடைசி வேலை நாள் வந்துவிட்டது.

அன்றைக்கு அவன் கத்தரியைக் கொண்டுவருவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மத்தியானம் ஸ்டோர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, அதை எடுத்து அவனாகவே பானெட் மேல் வைத்தான். வேறு துண்டு, துணி எதையும் பேச்சியக்கா நம்பவில்லை. கறுப்புக் குடையில்தான் உண்மை தெரியும் என்றார். விழுது பம்பரில் உட்கார்ந்து தலையைக் குனிந்தான். பேச்சியக்கா அந்த ‘ஒரு பொட்டு வெள்ளை’ வார்த்தையைச் சொல்லிக் குடையைப் பிடித்தார்.

“ஆட்டுடா.”

விழுது ஆட்டினான். இடது பக்கம், வலது பக்கம், முன்னால், பின்னால். சடைகள் சுழன்று சுழன்று அவன் முதுகிலும் மார்பிலும் அறைந்தன. குடை கறுப்பாகவே இருந்தது. பெண்களில் ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள். இன்னொருத்தி ‘சும்மா இருடி’ என்று அவள் தோளில் அடித்தாள். விழுது ஆட்டுவதை நிறுத்தினான். எல்லாம் முடிந்ததென்று நான் மூச்சு விட்ட நேரம், எங்கிருந்தோ ஒன்றே ஒன்று, அவசரமே இல்லாமல் மிதந்து மிதந்து இறங்கி, குடைக்கம்பியின் ஓரத்தில் உட்கார்ந்தது.

நான் பார்த்துவிட்டேன். பேச்சியக்காவும் பார்த்துவிட்டார். எங்கள் இருவர் கண்ணும் ஒருதரம் சந்தித்துக்கொண்டன.

“விழுந்துச்சாக்கா?” என்றார் மைமூனக்கா. கத்தரி அவர் கையில் இருந்தது. குரலில் அன்றைக்குக் கடி இல்லை.

விழுது கண்ணைத் திறக்கவில்லை. “இருந்தாச் சொல்லிருங்கத்தே,” என்றான். “வெட்டிருவோம்.”

மைமூனக்கா குடையை எட்டிப் பார்க்க ஓர் அடி முன்னால் வைத்தார். அதற்குள் பேச்சியக்கா குனிந்து, பிள்ளையின் கண்ணில் விழுந்த தூசியை ஊதுவதுபோல, அதை மெல்ல ஊதிவிட்டார்.